வெற்று ஓலை

“அடிச்சுக்கிடணும்னா அடிச்சுக்கிடுங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள வச்சு அடிச்சுக்கிடுங்க. வெளிய உள்ளவன் வந்து விலக்கிவிட்டான்னு வைங்க…” இப்படித்தான் எங்கள் பெரிய மூப்பர் பிரசங்கத்தில் சொல்வார், அண்ணாச்சி. விலக்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்வார். அந்தப் பாதிதான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினதிலிருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு வருகிறேன். ஊரில் எங்கள் பெரியம்மையைக் கேட்டால் எந்த வருஷம், எந்தப் பண்டிகையில் சொன்னார், அன்றைக்கு யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதுவரை சொல்லிவிடுவாள்.

நீங்கள் கோவில்பட்டியா? நல்லது. அப்படியானால் உங்களிடம் பேசலாம். இறங்கிப் போய்விடுவீர்கள். எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் நான் இங்கே வாயைத் திறந்தது நாளைக் காலையில் கிருபாகரன் காதுக்குப் போயிருக்கும்.

இந்த ஃபைலைப் பார்த்து என்னை வக்கீல் குமாஸ்தா என்று நினைத்துவிடாதீர்கள். நான் கோர்ட்டுக்குப் போகிற ஆளே இல்லை. டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் ‘என்ன சார், இன்னைக்கும் வாய்தாவா?’ என்று கேட்டான், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன், நான் கோர்ட்டுக்குப் போகிற ஆள் இல்லை. எங்கள் விஷயத்தில் கோர்ட் தலையிடக் கூடாது என்று கோர்ட்டில் போய்ச் சொல்கிற ஆள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் பெயர் அருமைநாயகம். திசையன்விளைக்குத் தெற்கே, கடலுக்கு முந்தின ஊர். சமாதானவிளை. சிரிக்காதீர்கள், பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். இருபது வருஷம் மஸ்கட்டில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீசில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். தமிழும் இங்கிலீஷும் ஒன்றுபோலப் படித்தவன் என்று வந்த கையோடு சபைக்குக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. நான் எதையுமே கேட்டு வாங்கினவன் இல்லை.

எங்கள் சபை எந்த டயோசிசிலும் சேராது. துரைமார் காலத்தில், யார் முன் பெஞ்சில் உட்காருவது என்ற சண்டையில் கோபித்துக்கொண்டு வெளியே வந்த சனங்கள். பிஷப் கிடையாது. பெரிய மூப்பர் என்று ஒருவர். சாகிறவரைக்கும் அவர்தான். அவர் போன பிறகு அடுத்தவரை யார் தேர்ந்தெடுப்பது? மனுஷன் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எங்கள் முன்னோர் முடிவு செய்தார்கள். கர்த்தர் தேர்ந்தெடுக்கட்டும். சீட்டு. அப்போஸ்தலர்மாரே சீட்டுப் போட்டிருக்கிறார்கள், அண்ணாச்சி. எங்கள் சீட்டு பனையோலையில். அதனால் சுற்றுவட்டாரத்தில் எங்களை ஓலைச்சபை என்பார்கள். கேலியாகச் சொன்னது, நிலைத்துவிட்டது.

முறை எப்படி என்றால், மூப்பர்கள் கூடி இரண்டு பெயர் சொல்வார்கள். ஒரே அளவில் மூன்று ஓலை நறுக்குவோம். இரண்டில் எழுத்தாணியால் பெயரைக் கீறுவோம். மை தடவ மாட்டோம். மூன்றாவது ஓலையில் ஒன்றும் இருக்காது. அதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த வெற்று ஓலைக்கு அர்த்தம், ‘பொறுங்கள்.’ மூன்றையும் ஓலையில் முடைந்த ஒரு சின்னக் கொட்டானில் போட்டு, சபையிலேயே மூத்த விதவையைக் கூப்பிட்டு, புதுத் துணியால் கண்ணைக் கட்டி, எடுக்கச் சொல்வோம். ஏன் விதவை என்றால், அவளுக்கு யாரும் மேலே இல்லை, யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று முன்னோர் யோசித்திருக்கிறார்கள். என்ன யோசனை பாருங்கள். பெயர் வந்தால் அவர்தான் பெரிய மூப்பர். வெற்று ஓலை வந்தால் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். அதுவரை காரியதரிசி பொறுப்பைப் பார்ப்பார்.

ஆமாம், காரியதரிசி நான்தான். அது தற்செயல்.

பெரிய மூப்பர் காலமான பிறகு இரண்டு பெயர் வந்தது. ஒருவர் வேதமாணிக்கம் வாத்தியார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இன்னொருவன் கிருபாகரன், சிமெண்ட் கடை வைத்திருக்கிறவன். மூத்த விதவை என் பெரியம்மை, அப்பாவின் அண்ணன் மனைவி. பெயர் பரிபூரணம். கண்ணைக் கட்டினோம், எடுத்தாள். வெற்று ஓலை. சரி, கர்த்தர் பொறுக்கச் சொல்கிறார். பொறுத்தோம். அடுத்த வருஷம் எடுத்தாள். வெற்று ஓலை. அதற்கடுத்த வருஷமும் வெற்று ஓலை.

 எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று தரம் தொடர்ந்து ‘பொறு, பொறு, பொறு’ என்று சொன்னால் அது எவ்வளவு தெளிவான வார்த்தை! கிருபாகரனுக்குச் சிலிர்க்கவில்லை. சபைக் கோவில் நடுவில் எழுந்து நின்று, “கர்த்தர் பொறுக்கச் சொல்லுதாரா, இல்ல காரியதரிசி பொறுக்கச் சொல்லுதாரா?” என்று கேட்டான். எப்படிப்பட்ட பேச்சு பாருங்கள். நான் ஓலையைத் தொட்டதுகூட இல்லை.

பெரிய மூப்பர் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன் என்று ஒரு பேச்சு வேறு. முதல் வருஷம் முழுக்க நான் ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன், யாரையும் கேளுங்கள். முதுகுவலி வந்த பிறகுதான் நாற்காலி. அதிலும் வெறும் பலகை குத்துகிறது என்று டாக்டர் சொன்னதால் மெத்தை தைத்துப் போட்டேன். உட்காருவதற்கு ஒரு இடம், அவ்வளவுதான்.

கிருபாகரன் கோர்ட்டுக்குப் போனான். போவான் என்று தெரிந்து என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று நான் முன்னாடியே கேவியட் போட்டிருந்தேன். அது வழக்கு இல்லை, அண்ணாச்சி, வாசலில் ஆள் நிறுத்தி வைக்கிற மாதிரி. கீழ்க்கோர்ட்டில் என்ன சொன்னார்கள்? மூன்று வருஷமாகத் தலைவர் இல்லாமல் ஒரு ஸ்தாபனம் நடக்க முடியாது, ஒரு கமிஷனரை வைத்துத் தேர்தல் நடத்துங்கள், வோட்டுப் போடுங்கள் என்றார்கள். தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் நான்தான் படித்து அர்த்தம் சொன்னேன். காரியதரிசியைப் பற்றி இரண்டு பாரா இருந்தது. சனங்களைக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தேர்தல்! நீங்கள் கோவில்பட்டிக்காரர், உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் பெரிய சபைகளில் தேர்தல் எப்படி நடக்கிறது? வேனில் ஆளை ஏற்றுகிறார்கள். மண்டபத்தில் பிரியாணி போடுகிறார்கள். கோவில் வாசலிலேயே சட்டையைக் கிழித்துக்கொண்டு உருளுகிறார்கள், மறுநாள் அதே வாசலில் நற்கருணை. அந்தக் கூத்து வேண்டாம் என்றுதானே எங்கள் சனங்கள் ஓலையைப் போட்டார்கள்? ஓலைக்குப் பிரியாணி போட முடியுமா? ஓலையை வேனில் ஏற்ற முடியுமா? இது ஏன் ஒரு நீதிபதிக்குப் புரியவில்லை? இன்றைக்கு யார் தலைவர் என்று தீர்ப்புச் சொல்கிறவர் நாளைக்கு எந்தப் பக்கம் பார்த்து முழங்கால் போட வேண்டும் என்றும் சொல்லுவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். படித்தவராகவே இருக்கட்டும். எங்களோடு முழங்காலில் நின்றிருக்கிறாரா? நிற்காதவருக்கு இங்கே என்ன வேலை? இதைத்தான் மதுரையில் அப்பீல் போட்டுக் கேட்டேன். தடை உத்தரவும் கேட்டேன். கிடைத்தது.

கிடைத்தபோது சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். அந்தத் தடை உத்தரவு கர்த்தருடைய கை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது சாத்தூரா? டீக்கு நிற்பான். வேண்டாமா? அப்படியானால் இந்தாருங்கள், பனங்கிழங்கு. எடுத்துக்கொள்ளுங்கள், பெரியம்மை அவித்துக் கொடுத்தது. எனக்கு நார் ஆகாது என்று உரித்து, நடுத்தண்டை எடுத்து, மிளகுப்பொடி தூவி வைத்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் சொன்னது, நார் ஆகாதென்று. இன்னும் மறக்கவில்லை.

அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன வாய்தாவில் கிருபாகரனுடைய வக்கீல் எழுந்து, “மூன்று முறையும் வெற்று ஓலையே வரக் காரணம் என்ன? மை தடவாத கீறல் கைக்குத் தட்டுப்படாதா?” என்று ஒரு கேள்வியைப் போட்டார். நீதிபதி, “எடுத்தவர் இருக்கிறார் அல்லவா? அவரையே கேட்டுவிடலாமே. வயதானவர் என்றால் ஒரு பெண் வக்கீலைக் கமிஷனராக அனுப்பி வீட்டிலேயே வாக்குமூலம் வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டார். ஆட்சேபணை இருந்தால் இன்றைக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள்.

எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கேட்கட்டும். பெரியம்மை கர்த்தர் சித்தம் என்பாள், காரியம் முடிந்தது. எதற்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் உட்கார்ந்து கொட்டான் முடைந்துகொண்டிருந்தாள். டி.வி.யில் செய்தி. கண் முழுக்க டி.வி.யில் இருக்கிறது, கை பாட்டுக்கு ஓலையைக் கிழித்துப் பின்னுகிறது.

“வால அருமை. மதுரைக்காரனுக்கு இந்தத் தெரு தெரிஞ்சிட்டுதா?”

“பெரியம்மை, கோர்ட்டுல இருந்து ஒரு வக்கீல் பிள்ளை வருவா. உங்ககிட்ட நாலு கேள்வி கேப்பா.”

“கேக்கட்டும்.”

“நீங்க பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண்ணைக் கட்டுனாங்க, கையை விட்டேன், கர்த்தர் குடுத்ததை எடுத்தேன். அவ்வளவுதான்.”

டி.வி.யை நிறுத்தினாள். “கண்ணைக் கட்டுனிய, சரி. கையைக் கட்டுனியளா?”

“என்ன சொல்லுதீங்க?”

பக்கத்தில் கிடந்த ஓலைத் துண்டில் ஊசியால் இரண்டு கீறல் போட்டாள். இன்னொரு துண்டைச் சும்மா விட்டாள். இரண்டையும் என் கையில் வைத்து, “கண்ணை மூடிட்டுத் தடவுல” என்றாள். தடவினேன். எனக்கே தெரிந்தது, அண்ணாச்சி. கம்ப்யூட்டர் தட்டின விரல் என்னுடையது. அவள் விரல் பிறந்ததிலிருந்து ஓலையிலேயே கிடந்த விரல். இத்தனை வருஷமாக இவ்வளவு பேர் கூடி நின்று பயபக்தியாக அவள் கண்ணைக் கட்டியிருக்கிறோம்.

“மூணு தரமுமா பெரியம்மை?”

“மூணு தரமும்தான். முதல்ல கைக்கு வந்ததே வாத்தியாரு. நீளப் பேரு, ஓலை முழுக்கக் கீறல். கீழ போட்டுட்டேன்.”

“ஏன்?”

“ஏனா? வாத்தியார்கிட்ட சபையைக் குடுத்தா காலையில ஆராதனைக்குப் போனவன் மத்தியானச் சோத்துக்கு வர மாட்டான். கிருபாகரன்கிட்ட குடுத்தா கல்லறைத் தோட்டத்தை மறிச்சுக் கடை கட்டிருவான். உங்க பெரியப்பாவுக்குத் தலைமாட்டுல ஜெராக்ஸ் கடையா? இவங்களுக்கு எடுத்துக் குடுக்கவா என்னைக் கூப்பிட்டிய?”

“அது கர்த்தர் எடுக்க வேண்டிய முடிவு பெரியம்மை.”

“இந்த விரலை நான் கடையிலயா வாங்குனேன்? அவருதானல குடுத்தாரு.”

 நான் வேதத்தில் இரண்டு வசனம் எடுத்துச் சொன்னேன். இரண்டாவதை நான் தப்பாகச் சொன்னதாகச் சொல்லி அவள் திருத்தினாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. அது கிடக்கட்டும்.

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “ஓலையில என் பேரு இருந்திருந்தா?”

“மெத்தை போட்டு உட்காந்தவனுக்குப் பேரு வேற எழுதணுமாக்கும்?” என்றாள். பிறகு கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “இருந்திருந்தாலும் வெத்து ஓலையைத்தான் எடுத்திருப்பேன்.”

வயதானவர்கள் விளையாட்டுக்கு இப்படிச் சொல்வார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராததற்குக் காரணம் முதுகுவலி.

“சரி, இதையெல்லாம் அந்த வக்கீல் பிள்ளைகிட்ட சொல்லப் போறீங்களா?”

“கேட்டாச் சொல்லுவேன்.”

“சபை மானம் போயிரும் பெரியம்மை. நம்ம முறையே பொய்யின்னு ஆயிரும்.”

“ஏல, கல்யாணம் முடிச்சு இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து அந்தக் கோவில்ல நான் வாயைத் திறந்தது பாட்டுக்கு மட்டும்தான். பொம்பளைங்க கூட்டத்துல பேசக் கூடாதுன்னு உட்கார வச்சிய. பெறகு கூப்பிட்டுக் கண்ணைக் கட்டி எடுன்னிய. எடுத்தேன். யாரை வைக்கலாம்னு நினைக்கன்னு ஒருத்தனாவது கேட்டியளா? நீ கேட்டியால? இப்பத்தான் ஒருத்தி கேக்கதுக்குன்னு மெனக்கெட்டு வாரா. நான் சொல்லாம இருப்பனா? காப்பி போட்டுக் குடுத்து உக்கார வச்சுச் சொல்லுவேன்.”

“அப்ப யாரை வைக்கலாம்னு நினைக்கீங்க?”

“உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுதேன்” என்று டி.வி.யைப் போட்டுவிட்டாள்.

இன்று விடியக்காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவள் வாசலைத் தாண்டினேன். கூப்பிட்டுப் பனங்கிழங்குப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, “அந்தப் பிள்ளை எந்தக் கிழமை வருவான்னு கேட்டுட்டு வா. புதன்கிழமைன்னா வேண்டாம், எனக்குக் கண்ணாஸ்பத்திரி இருக்கு” என்றாள். அவளுக்கு வாக்குமூலம் கொடுக்க அத்தனை ஆசை.

என்ன, அவள் சொன்னால் என்ன தப்பு என்கிறீர்களா? உண்மையைச் சொல்லட்டுமே என்கிறீர்களா? அண்ணாச்சி, நீங்கள் வெளியே இருந்து பார்க்கிறீர்கள். உள்ளே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். எத்தனை தலைமுறை சனம் அந்த ஓலையை நம்பியிருக்கிறது! அந்த ஓலையில் பெயர் வந்த பெரிய மூப்பர்மார் கையால் ஞானஸ்நானம் வாங்கினவர்கள், கல்யாணம் முடித்தவர்கள், மண் போட்டு அடங்கினவர்கள். எல்லாருக்கும் இப்போது போய், அதை எடுத்தது கர்த்தர் இல்லை, பரிபூரணம் என்று கோர்ட்டு முத்திரை குத்தி எழுதிக் கொடுக்கவா? அவளுக்கு முன்னால் எடுத்த விதவைகள் என்ன செய்தார்கள் என்று அடுத்த கேள்வி வராதா? அவர்களும் ஓலை முடைந்தவர்கள்தானே? நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்கவும் மாட்டேன்.

அவள் மனதில் இருக்கிற ஆளின் பெயரைச் சபையில் வைத்துச் சொன்னால் கேட்கலாமே என்றால், பெண்கள் சபையில் பேசுகிற வழக்கம் கிடையாது. வழக்கத்தை நான் மாற்ற முடியுமா? நான் வெறும் பொறுப்பு பார்க்கிறவன். ஆனால் கோர்ட் அனுப்பின ஆளிடம் அவள் அதைச் சொல்லி, அது மதுரையிலிருந்து உத்தரவாகத் திரும்பி வந்து, அதற்கு நாங்கள் முழங்கால் போட வேண்டும் என்றால், போட மாட்டேன். கிருபாகரன் போடுவான், வாத்தியார் போடுவார். நான் போட மாட்டேன். ஒரு சபைக்கு யார் தலைவர் என்பதைச் சபை சொல்ல வேண்டும். இல்லையென்றால் கர்த்தர் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை கிடையாது. சுப்ரீம் கோர்ட் வரை போனாலும் இதைத்தான் சொல்லுவேன். போகவும் போவேன்.

எங்கள் வக்கீல் சங்கரநாராயணன் நல்ல மனுஷன். விபூதி பூசின நெற்றியோடு எங்கள் சபைச் சட்டத்தை என்னைவிட நன்றாகப் பேசுவார். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் வைத்து நடந்ததை முழுக்க அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த அம்மாவுக்கு என்ன வயசு சார்?”

“எண்பத்தாறு.”

“அப்ப ஒரு வழி இருக்கு” என்றார்.

அந்த வழியைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. “அவங்க எனக்குச் சோறு போட்டு வளத்தவங்க சார்” என்றேன். “அதனாலதான் சார் நீங்க சொன்னா கோர்ட் நம்பும்” என்றார். பிறகு, கேஸ் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது, டைப் அடிக்கச் சொல்லவா வேண்டாமா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஜெபம் செய்தேன். பதில் வருகிற மாதிரித் தெரியவில்லை. பொறு என்கிறாரோ என்று தோன்றியது, ஆனால் ஆட்சேபணைக்கு இன்றுதானே கடைசி நாள்?

உங்கள் ஊர் வந்துவிட்டது போலிருக்கிறது. பையைப் பார்த்து எடுங்கள். இல்லை, கூட்டம் இறங்கட்டும், அவசரம் இல்லை. என்ன செய்தேன் என்றா கேட்டீர்கள்?

பரிபூரணம் அம்மாளுக்கு முதுமையால் நினைவு தவறிவிட்டது, ஆள் அடையாளமே தெரியாத நிலையில் இருக்கிறார், அவரிடம் வாக்குமூலம் வாங்குவதில் பயனில்லை என்று பிரமாண மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.